வீடு காட்டும் வலைத்தளங்கள்: போட்டி யாருக்குள்ளே? பலன் யாருக்கு?

(மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவர் ஒருவர்)

முன்னுரை



ஓசூரில் வேலை தேடுவது ஒரு பாடு என்றால், வேலை கிடைத்த பிறகு வீடு தேடுவது அதைவிடப் பெரிய பாடு. 1971இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் இங்கே தொழிற்பேட்டை அமைத்தது. 1980இல் அசோக் லேலண்டும், அதை ஒட்டி டி.வி.எஸ். மொபெட்டும், பிறகு டைட்டன் கைக்கடிகாரமும் வந்தன. 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. 2019இல் ஓசூர் மாநகராட்சி ஆனது. 2021இல் போச்சம்பள்ளியில் ஓலா எலெக்ட்ரிக் கால் வைத்தது. டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலைக்குப் பல மாநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைக்கு வந்தார்கள். இவ்வளவு பேருக்கும் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டாமா?

டிப்ளமோ முடித்த கையோடு நாமும் அப்ரண்டிஸாக இதே ஊரில் ரூம் தேடப் போகிறவர்கள்தான். நம்மில் பலர் வீட்டில் அப்பா இந்தப் பக்கம் ஒரு மனை வாங்கிப்போட யோசித்துக்கொண்டிருப்பார். இரண்டுக்குமே இன்று முதலில் கையில் எடுப்பது செல்போன். அதில் வீடு, மனை காட்டும் வலைத்தளங்கள் ஒன்றோடு ஒன்று எப்படிப் போட்டி போடுகின்றன, அந்தப் போட்டியில் நமக்கு என்ன லாபம், எங்கே ஏமாறும் இடம் என்பதைப் பாடமாகவே படித்து வைப்போம். சிலபஸில் இல்லாவிட்டாலும் வாழ்க்கைக்கு வேண்டிய பாடம் இது.

1. பழைய சந்தை எப்படி இருந்தது?

வலைத்தளம் வருவதற்கு முன் மூன்றே வழிகள். ஒன்று, தெருவில் நடந்து "வாடகைக்கு விடப்படும்" பலகையைப் பார்ப்பது. இரண்டு, டீக்கடையில் தரகரைப் பிடிப்பது. மூன்று, செய்தித்தாளின் வரி விளம்பரம்.

பலகைக்குச் செலவில்லை. ஆனால் அந்தத் தெருவில் போனவனுக்குத்தான் தெரியும். தரகருக்கு ஊரே அத்துப்படி. ஆனால் அந்த விவரம் அவருடைய மூலதனம், காசு வாங்காமல் வெளியே விடமாட்டார். வரி விளம்பரம் ஊர் முழுக்கப் போகும், ஆனால் நாலு வரியில் வீட்டை எப்படிக் காட்டுவது? "இரண்டு அறை, தண்ணீர் வசதி, ஃபேமிலிக்கு மட்டும்" என்பதோடு சரி. மூன்று வழியிலும் விலை போனது விவரம்தான். விவரம் யார் கையில் இருந்ததோ அவர் கையில் பேரம் இருந்தது. வலைத்தளங்கள் கை வைத்ததும் இங்கேதான்.

2. களத்தில் இறங்கியவர்கள்

நமக்குத் தெரிந்த பெயர்களை வரிசையாகப் பார்ப்போம்.

(அ) 99 ஏக்கர்ஸ்: 1997இல் நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தை ஆரம்பித்த இன்ஃபோ எட்ஜ் நிறுவனம் 2005இல் தொடங்கியது. வேலைக்கு ஆள் தேடித்தந்த அனுபவத்தை வீட்டுக்குத் திருப்பினார்கள்.

(ஆ) மேஜிக்பிரிக்ஸ்: 2006இல் டைம்ஸ் குழுமம் தொடங்கியது. கவனியுங்கள், அது செய்தித்தாள் நடத்தும் குழுமம். வரி விளம்பர வருமானம் இன்டர்நெட்டுக்கு நழுவப் போகிறது என்று தெரிந்து, அடுத்தவன் வந்து பிடுங்குவதற்குள் தானே தனக்குப் போட்டியை உண்டாக்கிக்கொண்டது.

(இ) காமன்ஃப்ளோர்: 2007, பெங்களூரு. அடுக்குமாடிக் குடியிருப்பு சங்கங்களின் நிர்வாகத்துக்கு உதவும் தளமாக ஆரம்பித்து, வீடு தேடும் தளமாக வளர்ந்தது. 2016இல் குவிக்கர் நிறுவனம் இதை வாங்கியது.

(ஈ) ஹவுசிங் டாட் காம்: 2012இல் மும்பை ஐ.ஐ.டி. மாணவர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து தொடங்கியது. சொந்த ஆட்களை வீடு வீடாக அனுப்பிப் போட்டோ எடுத்து, ஒவ்வொரு வீட்டையும் வரைபடத்தில் குத்திக் காட்டினார்கள். அன்றைக்கு அது புதுமை. 2014 கடைசியில் ஜப்பானின் சாஃப்ட்பேங்க் தலைமையில் சுமார் 9 கோடி டாலர் முதலீடு வந்தது. ஆனால் 2015 ஜூலையில் தலைமை நிர்வாகி ராகுல் யாதவை இயக்குநர் குழு நீக்கியது. 2017இல் அது புராப்டைகருடன் இணைந்தது. பிறகு ஆஸ்திரேலியாவின் ஆர்.இ.ஏ. குழுமத்தின் கைக்குப் போனது. பணம் மட்டும் இருந்தால் ஜெயித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு கேஸ் ஸ்டடி.

(உ) நோபுரோக்கர்: 2014, பெங்களூரு. பெயரே சொல்லும், தரகருக்கு இடமில்லை. வீட்டுக்காரரையும் வாடகைக்கு வருபவரையும் நேராகப் பேசவைப்பது கொள்கை. 2015இல் கோபம் கொண்ட தரகர்கள் அதன் அலுவலகத்துக்கே போய்த் தகராறு செய்தார்கள். 2021 நவம்பரில் அதன் மதிப்பு நூறு கோடி டாலரைத் தாண்டியது.

இவை போதாதென்று ஓஎல்எக்ஸ் போன்ற பொதுவான தளங்கள், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் குரூப் எல்லாம் உண்டு. ஆக, கடை நிறைய. சரக்கு என்னவோ ஒன்றுதான்: நம்ம ஊர் வீடு, நம்ம ஊர் மனை.

3. பெரியது மேலும் பெரிதாவது ஏன்?

இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு.

ஒரு தளத்தில் 20 வீடுகளும், வீடு தேடுகிற 50 பேரும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வீட்டையும் பார்க்கலாம். ஆக, அமையக்கூடிய ஜோடிகள் 20 × 50 = 1000. இதே அளவில் இன்னொரு தளமும் இருந்தால் அங்கேயும் 1000. மொத்தம் 2000. இப்போது இரண்டு தளமும் ஒன்றாகிவிட்டால்? 40 × 100 = 4000. வீடும் கூடவில்லை, ஆளும் கூடவில்லை, ஜோடி மட்டும் இரண்டு மடங்காகிவிட்டது.

அதனால்தான் வீடு அதிகமுள்ள தளத்துக்கு ஆள் போகிறான். ஆள் அதிகமுள்ள தளத்துக்கு வீட்டுக்காரர் போகிறார். ஒரு பக்கம் வளர்ந்தால் மறுபக்கமும் வளர்கிறது. பொருளாதாரப் பாடத்தில் இதற்கு வலைப்பின்னல் விளைவு என்று பெயர். நாம் இதை சந்தையிலேயே பார்க்கலாம். கூட்டம் உள்ள சந்தைக்குத்தான் வியாபாரி மாட்டை ஓட்டிப் போவான், மாடு உள்ள சந்தைக்குத்தான் வாங்குபவனும் போவான்.

புதிதாகத் தொடங்குபவனுக்கு இங்கேதான் இடி. வீடு இல்லாமல் ஆள் வரமாட்டான், ஆள் இல்லாமல் வீடு வராது. இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் ஆரம்பத்தில் எல்லாம் இலவசம் என்கிறார்கள், தெருவெல்லாம் பேனர் கட்டுகிறார்கள், டி.வி.யில் விளம்பரமாகக் கொட்டுகிறார்கள்.

4. பிறகு ஏன் ஒருவரே ஜெயிக்கவில்லை?

நல்ல கேள்வி. மேலே சொன்ன கணக்குப்படி இன்றைக்கு ஒரே தளம்தான் மிஞ்சியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. காரணம் எளிது. ஒரு வீட்டை ஒரே தளத்தில்தான் போடவேண்டும் என்று கட்டாயம் இல்லை. தரகர் அதே போட்டோவை அரை மணி நேரத்தில் நாலு தளத்திலும் ஏற்றிவிடுவார். தேடுபவனும் நாலு ஆப்பையும் போனில் வைத்திருப்பான். ஒரே மாட்டை நாலு சந்தையிலும் ஒரே நேரத்தில் நிறுத்தலாம் என்றால், எந்தச் சந்தையும் மற்றதை ஒழிக்க முடியாது அல்லவா?

இங்கிலாந்தில் இதைத் தடுக்க ஒரு முயற்சி நடந்தது. அங்கே ரைட்மூவ், ஜூப்லா என்று இரண்டு பெரிய தளங்கள். இவற்றின் கட்டணம் தாங்காமல் தரகர்களே ஒன்றுசேர்ந்து 2015 ஜனவரியில் ஆன்தமார்க்கெட் என்ற சொந்தத் தளத்தைத் தொடங்கினார்கள். "எங்களிடம் சேருபவர் வேறு ஒரே ஒரு தளத்தில் மட்டும்தான் விளம்பரம் போடலாம்" என்று விதி வைத்தார்கள். விதி சட்டப்படி செல்லும் என்று 2017இல் போட்டித் தீர்ப்பாயமும் சொன்னது. ஆனால் நடந்தது என்ன? ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றதும் பல தரகர்கள் முதலிடத்தில் இருந்த ரைட்மூவை வைத்துக்கொண்டு, இரண்டாமிடத்து ஜூப்லாவை விட்டார்கள். முதலாளியை அடிக்க ஓங்கிய கை இரண்டாமவன் மேல் விழுந்தது. கடைசியில் விதியும் போனது. 2023இல் ஆன்தமார்க்கெட்டையே அமெரிக்காவின் கோஸ்டார் நிறுவனம் வாங்கிவிட்டது.

5. காசு எங்கிருந்து வருகிறது?

நமக்கு இலவசமாகக் கிடைக்கிறதே, அப்புறம் எப்படி நடத்துகிறார்கள்? வருமான வழிகள் பொதுவாக நான்கு.

ஒன்று, பில்டர்களின் விளம்பரம். இரண்டு, தரகர்கள் கட்டும் சந்தா. பணம் கட்டியவரின் வீடு பட்டியலில் மேலே வரும், கட்டாதவர் வீடு நாலாம் பக்கத்தில் கிடக்கும். மூன்று, தேடுபவரிடமே பிளான் விற்பது. நோபுரோக்கரில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் வீட்டுக்காரர் நம்பர் வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டும். நான்கு, வாடகை ஒப்பந்தம், சாமான் ஏற்றி இறக்குவது, பெயின்ட் அடிப்பது, வீட்டுக்கடன் போன்ற துணைச் சேவைகள்.

இதில் நாம் புரிந்துகொள்ள வேண்டியது இரண்டாவது வழியை. நாம் ஒரு மனையைப் பார்த்து "தொடர்புகொள்" என்று அழுத்தினால் நம்ம நம்பர் அந்தப் பக்கம் போகிறது. சில நேரம் ஒருவருக்கு, சில நேரம் பலருக்கு. அப்புறம் ஒரு வாரம் போன் ஓயாது. அங்கே விற்பனையாகும் சரக்கு மனை இல்லை, நம்ம நம்பர்தான். யார் பணம் கட்டுகிறாரோ அவருக்காகத்தான் கடை நடக்கிறது என்ற உண்மையை மறக்கக்கூடாது.

போட்டி அதிகமானால் இன்னொரு தீமையும் உண்டு. "எங்களிடம்தான் அதிக வீடுகள்" என்று காட்டிக்கொள்ள வேண்டியிருப்பதால், குடிவந்து மூன்று மாதமான வீட்டைக்கூட எடுக்க மனசு வராது. ஒரே வீட்டை மூன்று தரகர்கள் மூன்று வாடகைக்குப் போட்டிருப்பார்கள். பட்டியலில் மூன்று வீடு, தெருவில் ஒரே வீடு. எண்ணிக்கையில் போட்டி போட்டால் குப்பை சேரும், உண்மையில் போட்டி போட்டால்தான் நமக்கு நன்மை. போட்டோ சரிபார்ப்பு, நேரடி ஆய்வு முத்திரை என்று தளங்கள் இப்போது சொல்லிக்கொள்வது இதனால்தான்.

6. தரகர்கள் போட்ட வழக்கு

தரகர்கள் சும்மா இருக்கவில்லை. இந்திய ரியல் எஸ்டேட் தரகர் சங்கங்களின் கூட்டமைப்பு, இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தது. மேஜிக்பிரிக்ஸ், 99 ஏக்கர்ஸ், ஹவுசிங், காமன்ஃப்ளோர், நோபுரோக்கர் ஆகியவை முதலீட்டாளர் பணத்தை வைத்துக்கொண்டு இலவசமாகச் சேவை தந்து எங்கள் பிழைப்பைக் கெடுக்கின்றன என்பது புகாரின் சாரம்.

2016 மே மாதம் ஆணையம் அதைத் தள்ளுபடி செய்தது. தரகர் மூலம் வீடு தேடுவதும் வலைத்தளம் மூலம் தேடுவதும் ஒரே சந்தையின் இரண்டு வழிகள், தனிச் சந்தைகள் அல்ல. பல தளங்கள் ஒன்றோடொன்று போட்டி போடுவதால் எந்த ஒன்றுக்கும் ஆதிக்கம் இல்லை. ஆதிக்கம் இல்லாதபோது அதைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை.

தீர்ப்பு சரிதான் என்றாலும் தரகர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். சூளகிரியிலோ பாகலூரிலோ இருக்கும் ஒரு தரகருக்கு அந்த நிலத்தின் மூன்று தலைமுறைக் கதை தெரியும். எந்தப் பங்காளி கையெழுத்துப் போடவில்லை, எந்தக் கிணற்றில் தண்ணீர் வற்றும் என்று தெரியும். இது எந்த ஆப்பிலும் இல்லை. அதே சமயம், தெரிந்ததை மறைத்து விற்கும் தரகரும் உண்டு. வலைத்தளம் வந்ததால் அவர் சொல்வதை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வழி கிடைத்தது, அவ்வளவே.

7. எல்லைக்கோட்டில் என்ன நடக்கிறது?

நம்ம ஊர் விசேஷம் இனிமேல்தான்.

முதல் குழப்பம் பெயர். தளத்தில் "ஓசூர்" என்று தேடப்போய் "ஓசூர் ரோடு" வந்துவிடும். அது பெங்களூருக்குள் இருக்கும் சாலை. பொம்மனஹள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி வீடுகளின் வாடகையைப் பார்த்து மயக்கம் போடாதீர்கள்.

இரண்டாவது குழப்பம் மாநிலம். அத்திப்பள்ளி செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் ஆனேக்கல் வட்டம், கர்நாடகா. இந்தப் பக்கம் ஜூஜுவாடி, தமிழ்நாடு. திரையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரித் தெரியும். சட்டத்தில் இரண்டும் வேறு உலகம்:

* தமிழ்நாட்டில் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று பார்க்க வேண்டும். கர்நாடகாவில் பஹணி, காத்தா பார்க்க வேண்டும்.
* இங்கே சென்ட் கணக்கு: ஒரு சென்ட் 435.6 சதுர அடி, 100 சென்ட் ஒரு ஏக்கர். அங்கே குண்டா கணக்கு: ஒரு குண்டா 1089 சதுர அடி, 40 குண்டா ஒரு ஏக்கர். அதாவது ஒரு குண்டா இரண்டரை சென்ட். 30க்கு 40 மனை என்றால் 1200 சதுர அடி, நம்ம கணக்கில் சுமார் 2.75 சென்ட்.
* மனைப்பிரிவு அனுமதி கொடுக்கும் அலுவலகம் வேறு, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் வேறு.

மூன்றாவது, ஆசை காட்டும் விளம்பரம். 2024 ஜூன் 27இல் ஓசூரில் 2000 ஏக்கரில் ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் அமைக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதை வைத்து "ஏர்போர்ட் பக்கம்" என்று மனை விளம்பரங்கள் முளைத்தன. நல்ல அறிவிப்புதான், நடந்தால் நமக்கெல்லாம் பெருமை. ஆனால் பெங்களூரு விமான நிலையத்துக்காக 2004இல் மத்திய அரசு போட்ட ஒப்பந்தப்படி, அது திறந்ததிலிருந்து 25 ஆண்டுகளுக்கு, அதாவது 2033 வரை, 150 கிலோமீட்டருக்குள் புதிய விமான நிலையத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. மைசூருக்கும் ஹாசனுக்கும்தான் விலக்கு. இந்தத் தடையைப் பேசித் தீர்க்க வேண்டும், நிலம் எடுக்க வேண்டும், கட்ட வேண்டும். அறிவிப்பு வேறு, ஓடுபாதை வேறு. அறிவிப்புக்கு ஓடுபாதை விலை கொடுத்தால் நஷ்டம் அப்பா பாக்கெட்டில்.

8. பொறுப்பு யாருடையது?

பொய் விளம்பரத்தை நம்பி ஏமாந்தால் தளத்தைக் கேட்கலாமா? "நாங்கள் வெறும் விளம்பரப் பலகை, உண்மை பொய்யை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிற ரீதியில்தான் அவர்களுடைய விதிமுறைகள் எழுதப்பட்டிருக்கும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 79ஆவது பிரிவும் இடைநிலைத் தளங்களுக்கு நிபந்தனையோடு பாதுகாப்புத் தருகிறது.

ஆனால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016 வந்த பிறகு விற்பவருக்குக் கடிவாளம் விழுந்திருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவையோ, எட்டுக்கு மேற்பட்ட அடுக்குவீடுகளையோ ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக்கூடாது. விளம்பரத்தில் பொய் சொல்லி நஷ்டம் வந்தால் 12ஆவது பிரிவுப்படி இழப்பீடு கேட்கலாம். தரகரும் பதிவு செய்ய வேண்டும். தரகர் என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் "எந்த ஊடகத்தின் வழியாகவும்" அறிமுகம் செய்பவர் என்றும் இருக்கிறது. அதனால் வலைத்தளம் பலகையா, தரகரா என்ற கேள்வி சும்மா கேட்கிற கேள்வி இல்லை.

2016 செப்டம்பர் 9இல் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொல்லி விற்ற மனைகளை வாங்கியவர்கள் அன்றைக்குப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இன்றும் அந்த வார்த்தையை விளம்பரத்தில் பார்த்தால் இரண்டு முறை யோசியுங்கள்.

9. நாம் செய்ய வேண்டியவை

1) வீட்டை நேரில் பார்க்காமல் டோக்கன் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். "நாலு பேர் கேட்கிறார்கள், உடனே போடுங்க" என்பவர் வீட்டுக்காரராகவே இல்லாமல் இருக்கலாம்.

2) வீட்டை வாடகைக்கு விடும் பெற்றோரிடமும் சொல்லி வையுங்கள். "நான் ராணுவத்தில் இருக்கிறேன், டிரான்ஸ்ஃபர் ஆகி வருகிறேன், அட்வான்ஸ் அனுப்ப இந்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்று போன் வரும். யு.பி.ஐ.யில் பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் கேட்டால் பணம் போகிறது என்று அர்த்தம்.

3) தளத்தில் காட்டும் விலை, விற்பவர் கேட்கும் விலை. விற்ற விலை அல்ல. பதிவுத்துறை இணையதளத்தில் வழிகாட்டி மதிப்பைப் பாருங்கள், அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். அமெரிக்காவின் ஜில்லோ தளம் தன்னுடைய கம்ப்யூட்டர் மதிப்பீட்டை நம்பித் தானே வீடுகளை வாங்கி விற்கப் போய், பெரும் நஷ்டத்தோடு 2021இல் அந்தத் தொழிலை மூடியது. கணக்குப் போட்டவனே தோற்ற இடம் அது.

4) மனை என்றால் வில்லங்கச் சான்று, பட்டா, நகர் ஊரமைப்பு அனுமதி எண், ஒழுங்குமுறை ஆணையப் பதிவு எண் நான்கையும் வாங்கி, அந்தந்த அரசுத் தளத்தில் நீங்களே சரிபாருங்கள். அனுப்பிய போட்டோவை நம்பாதீர்கள்.

5) வாடகைக்கு ஒப்பந்தம் எழுதுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக்கூடாது. பெங்களூரில் பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகியவர்கள் எல்லைக்கு இந்தப் பக்கமும் அதையே கேட்டால், சட்டத்தைச் சொல்லிப் பணிவாகப் பேசுங்கள்.

6) "பேச்சிலர்ஸ் வேண்டாம்" என்று போட்ட வீடுகளை வடிகட்டிவிட்டால் நமக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அதற்குப் பழைய வழியே மேல். சீனியர் அண்ணன்களைக் கேளுங்கள், கம்பெனி வாசல் டீக்கடையில் விசாரியுங்கள், தெருவில் நடந்து பலகையைப் பாருங்கள்.

முடிவுரை

நண்பர்களே! போட்டி இருந்தால் வாடிக்கையாளருக்கு லாபம் என்று படிக்கிறோம். அது பாதி உண்மை. தளங்கள் போட்டி போடுவதால் தேடும் செலவு குறைந்தது, பத்து வீட்டை உட்கார்ந்த இடத்தில் ஒப்பிட முடிகிறது, தரகு கொடுக்காமலே வீடு பிடிக்கவும் முடிகிறது. இவையெல்லாம் மெய்யான லாபம். ஆனால் அந்தப் போட்டி பில்டர் கட்டும் விளம்பரப் பணத்துக்காகவும் நம்முடைய நம்பருக்காகவும் நடக்கும் வரை, உண்மையைச் சரிபார்க்கும் வேலை நம் தலையில்தான்.

ஒர்க்‌ஷாப்பில் வந்த பீஸை வெர்னியர் வைத்து அளக்காமல் யாராவது பாஸ் பண்ணுகிறோமா? டிராயிங்கில் போட்டிருக்கிறதே என்று விட்டுவிடுகிறோமா? திரையில் தெரியும் வீடும் ஒரு டிராயிங்தான். அப்பாவின் இருபது வருஷச் சேமிப்பையும் நம்முடைய முதல் மாதச் சம்பளத்தையும் வைக்கும் முன் ஒரு முறை அளந்து பார்ப்போம். படித்ததை வீட்டில் உள்ளவர்களுக்கும் எடுத்துச் சொல்வோம்.